கூடாரம் கட்டிய கற்கள்

ஏரியின் நடுத்திட்டில் விடிகிறது. தொலைவில் செஞ்சி ராஜகிரியின் உச்சிக்கு வெயில் வந்துவிட்டது. இங்கே இன்னும் சாம்பல் வெளிச்சம்தான். இரவெல்லாம் அடித்த காற்று ஓயாமல் கூடாரத்தைப் பிடித்து உலுக்குகிறது. பாறையில் முளை இறங்காததால், நேற்று அந்தியில் அர்ஷத் புதரருகே மண்ணில் நின்ற நான்கு கற்களைப் பிடுங்கிவந்து கயிறுகளைக் கட்டியிருக்கிறான். அவற்றில் ஒன்றின்மேல் டீ டம்ளரை வைக்கப்போன அவன் மனைவி அஃப்ஷானின் கை பாதியில் நிற்கிறது. கல்லின் தலையில் பழைய சுண்ணாம்பு. "இத எங்கேர்ந்து எடுத்தீங்க?" "தோ, அந்தப் பொதராண்ட." அங்கே நான்கு குழிகள். முதல் இரண்டுக்கும் இடையே ஓர் ஆள் நீளம். பக்கத்து இரண்டுக்கும் இடையே மூன்று சாண். அடக்கம் செய்த கபரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஊன்றும் மீசான் கற்கள். அஃப்ஷான் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறாள். அர்ஷத் கயிறுகளை அவிழ்த்து, கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து குழிகளின் ஓரம் வைக்கிறான். நான்கும் ஒரே உயரம், ஒரே சுண்ணாம்பு. "கொயந்தையோடது எது?" என்கிறாள். அவன் ஒரு கல்லைத் தூக்குகிறான், வைக்கிறான், இன்னொன்றைத் தூக்குகிறான். பின்னால், கட்டவிழ்ந்த கூடாரம் பாறையில் சரசரவென்று இழுபட்டுத் தண்ணீரில் இறங்குகிறது. அஃப்ஷான் அசையவில்லை, அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள்.