58 முதல் 64 வரை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்கே சந்தேகம். ஆறாம் வகுப்போடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லித் தொலைத்தால் ஒரு நல்ல மனிதர் கெட்டவராகிவிடுவார். அதனால் நடந்த வரிசைப்படியே சொல்கிறேன்.

ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கூட்டுவது, துடைப்பது, திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குவது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் நூலகர் வாசகர்களிடம் ஓட்டு வாங்கினார், உங்களுக்கு ரொம்பப் பிடித்த பேய்க்கதை எது என்று. சிறுகதைத் தொகுப்பும் குறுநாவலுமாகப் பதினாறு புத்தகங்கள் தேறின. அதற்கென்று தனி அலமாரி.

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பேயாவது பூதமாவது, எல்லாம் வேலையற்றவர்கள் கட்டிவிட்டது என்பார். எனக்கோ அந்த அட்டைப் படங்களைப் பார்க்கவே பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பேன்.

இரண்டே வாரத்தில் புகார் வந்துவிட்டது. யாரோ முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார்கள். ‘58 முதல் 64 வரை தாண்டிவிடவும்.’ ஒன்றில் இல்லை, ஐந்து புத்தகத்தில். எண்கள்தான் வேறு வேறு.

தாண்டிவிடு என்றால் கை முதலில் அந்தப் பக்கத்துக்குத்தானே போகிறது, கதையே பாழ் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் மேலிடத்துக்கே எழுதிப் போட்டுவிட்டார்.

நூலகர் என்னைக் கூப்பிட்டார்.

“நீ எழுதலைன்னு தெரியும். உன் எழுத்து இவ்வளவு நேரா நிக்காது. ஆனா அலமாரி உன் பொறுப்பு. சனிக்கிழமைக்குள்ள ஆளைப் பிடி. இல்லேன்னா உன் இடத்துக்கு வேற ஆள் போடச் சொல்லியிருக்காங்க.”

இந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

வியாழக்கிழமை ஆள் சிக்கினார். ஜன்னலோர மேசையில், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். வாரத்தில் மூன்று நாள் தவறாமல் வருகிறவர். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பென்சிலை எடுத்து, முதல் பக்கத்தில் நிதானமாக எழுதினார்.

நேரே போய், ஏன் அண்ணே, வயதுக்குத் தகுந்த வேலையா இது என்று கேட்டேன். என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே என்றும் கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

அவர் மனைவிக்குப் பேய்க்கதை என்றால் உயிராம். வேறு எதையும் தொடமாட்டாராம். இவர்களுக்கு ஒரே பெண். ஏழு வயதில் குளத்தோடு போய்விட்டது. அதற்கப்புறம் கதையில் எத்தனை பேய் வந்தாலும் அந்த அம்மா அசைவதில்லை. ஒரு பிள்ளை தண்ணீர்ப் பக்கம் போய்விட்டால் மட்டும் மூன்று நாளைக்குப் படுக்கைதான்.

“அதான் இங்கேயே உட்கார்ந்து முதல்ல நான் பார்த்துடறேன். நம்பர் போட்டுக் கொடுத்தா, அவ பாட்டுக்குத் தாண்டிப் போயிடுவா.”

திருப்பிக் கொடுக்கும்போது அழித்திருக்கலாமே என்றேன்.

“அழிக்கத்தான் போனேன்மா. அவதான் கையைப் பிடிச்சுக்கிட்டா. பிள்ளையைத் தண்ணிக்குக் கொடுத்தவ இந்த ஊர்ல நான் ஒருத்திதானான்னு கேட்டா.”

தன் பெயரைச் சொல்லிவிடும்படி அவரே சொன்னார். உன் வேலை போகக் கூடாது என்றார்.

சனிக்கிழமை நூலகர், பிடித்தாயா என்று கேட்டார்.

“எழுதறதைப் பார்த்தேன் சார்.”

“யாரு?”

“ஆள் யாரும் இல்லை சார். பென்சில் மட்டும்தான் தெரிஞ்சுது.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் என் கை வெடவெடவென்று ஆடியது. அது நல்லதாகப் போயிற்று. நூலகர் என் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மெதுவாக அந்த அலமாரியைப் பார்த்தார். வெளியே யாரிடமும் சொல்லாதே என்றார்.

மேலிடத்துக்கு என்ன எழுதினாரோ தெரியாது, என் வேலை தப்பியது. திங்கட்கிழமை காலை அலமாரியில் ஓர் அட்டை தொங்கியது. ‘பென்சில் குறிப்புகளை யாரும் அழிக்கக் கூடாது.’ அவருடைய கையெழுத்தேதான். அந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் வேண்டுமென்றால் இப்போது என்னைத்தான் போய் எடுத்துவரச் சொல்கிறார்.

டிரைவர் வந்தபோது விவரத்தைச் சொன்னேன். கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், நான்கு நாளாக மனதில் நின்ற கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வந்தது.

“அப்போ அந்தப் பக்கத்தையெல்லாம் நீங்க படிக்கிறீங்களே அண்ணே?”

“ஒருத்தர் படிச்சாத்தானேம்மா எதிலேருந்து எதுவரைன்னு தெரியும்.”

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார்.

அந்தப் பதினாறில் அவர் படிக்காதது ஒன்பது மிச்சம் இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கப் பத்து நாள் ஆகிறது. எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுத்து, “இதை நேரா அண்ணிகிட்ட கொடுங்க, நீங்க திறக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பயமில்லையா என்று கேட்பீர்கள். பட்டப்பகலில், வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடுவில் எழுந்து போய்விடாதபடி அவர் சட்டை நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் படிக்கிறேன்.