மொட்டைத்தலையும் தலை தீபாவளியும்

"இன்னா மாமா, யாரு அந்த அம்மு?"

அருள்குமார் களியில் வைத்த கையை எடுக்காமல் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். ஆந்திர எல்லையில் சத்தியவேட்டில் வாடகை வீடு, கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை, கல்யாணமாகி ஐந்து மாதம். இதில் அம்முவுக்கு எங்கே நேரம்?

மஞ்சு அவனுடைய போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கூட வேலை செய்யும் சிரஞ்சீவி இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக அனுப்பியிருந்தான். 'அம்மு. அம்மு ரா. இப்புடே அம்மு.'

"ஃப்ரெண்டை வெச்சி தூது உட்றியா? எங்கம்மாவுக்கு போன் போடட்டா?"

அருள்குமாருக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சிரிக்க முடிந்தது.

"ஐயோ மஞ்சு, அது பொண்ணு பேரு இல்ல. தெலுங்குல அம்முன்னா வித்துடுன்னு அர்த்தம். நீ திருத்தணிக்காரி, உனுக்கு எங்க தெரியப்போவுது?"

"எதை வித்துடணும்?"

"நீளமுடிக்காரனை."

மஞ்சு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முழுக் கதையும் சொல்லாமல் ஷிப்டுக்குப் போக முடியாது என்று அருள்குமாருக்குப் புரிந்துவிட்டது.

"கம்பெனில நாங்க பத்துப் பதினஞ்சி பேரு போன்ல ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுறோம். வெளிநாட்ல நெஜமா ஆடுறவங்களை ஆளாளுக்கு ஒரு டீமா பிரிச்சிக்கினோம். நம்ம ஆளு அங்க கோல் போட்டா இங்க நமக்கு பாயின்ட். ஒருத்தனை ஒரு டீம்தான் வெச்சிக்க முடியும். வேற ஆளு வேணும்னா நம்ம ஆளைக் குடுத்து மாத்திக்கணும்."

"நீளமுடிக்காரன் இன்னா பண்ணான்?"

"யாருமே எதிர்பாக்கல. நானே வேற ஆளு கெடைக்காம கடைசியா எடுத்தவன். சீசன் ஆரம்பிச்சதும் மேட்சுக்கு மேட்சு கோலா போட்டான். இப்ப எல்லாரும் அவனைப் பாத்து வாயைப் பொளக்கிறாங்க. ஆனா அவன் சரக்கு தீந்துபோச்சி. போன மேட்ச்ல பந்து அவன் பக்கமே வரல. அது நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள தள்ளி உட்டுடணும். அதான் சூட்சுமம்."

"யாரு தலையில கட்டப்போறே?"

"சுருட்டப்பள்ளி சிங்கம்னு ஒருத்தன். யாருன்னே தெரியல, பெயின்ட் செக்‌ஷன் ஆளுன்னு பேசிக்கிறாங்க. மொத எடத்துல அவன்தான். அவன்கிட்ட ஒரு மொட்டைத்தலை இருக்கிறான்."

"திருப்பதிக்குப் போய்ட்டு வந்தானா?"

"கிண்டல் பண்ணாதே. சத்தமே இல்லாம வாராவாரம் பாயின்ட் குடுக்கிறவன். இந்த வாரம் சொத்தை டீமோட ஆடுறான். நீளமுடியைத் தர்றேன், மொட்டையைக் குடுன்னு கேட்டிருக்கிறேன். இன்னும் பதிலே காணோம்."

"குடுக்கலேன்னா குடி முழுகிடுமா?"

அருள்குமார் கையைக் கழுவினான். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"முழுகும். எங்க லைன்ல தீபாவளிக்கு ஒருத்தனுக்குத்தான் லீவு. இந்த ஞாயித்துக்கெழமை ஆட்டம் முடிஞ்சதும் எங்கள்ல யாரு டீம் மேல இருக்குதோ அவனுக்குன்னு பேசி முடிச்சிட்டோம். சூப்பர்வைசரும் சரின்ட்டாரு. பவன்குமார் எனக்கு மேல இருக்கிறான். சிரஞ்சீவி போன வருசம் லீவு எடுத்தவன், அதனால எனக்கு யோசனை சொல்றான். மொட்டை வந்தா நான் உங்க ஊட்ல. வரலேன்னா மெஷின்கிட்ட."

மாப்பிள்ளை வருகிறார் என்று மஞ்சுவின் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பா மருமகனுக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்தாகிவிட்டது. தலை தீபாவளிக்குப் புருஷன் இல்லாமல் தனியாகப் போய் நிற்பதை நினைத்தால் அவளுக்கு அழுகையே வந்தது.

"இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னா, பந்தாட்டத்தை நம்பியா லீவு கேக்குறேன்னு கத்துவே."

"கத்துவேன்தான்," என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கம்பெனி பஸ்ஸில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவனே போன் செய்தான்.

"மஞ்சு, ஏமாந்துட்டான்! மொட்டை நம்மகிட்ட வந்துட்டான்! கொன்னானுன்னு மெசேஜ் வேற போட்டுக்கிறான்."

"ஐயையோ, யாரைக் கொன்னான்?"

"வாங்கிட்டேன்னு அர்த்தம். அசல் தெலுங்கு ஆளு!"

பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

திங்கட்கிழமை லீவோடு வந்தான். மொட்டைத்தலை இரண்டு கோல் போட்டிருந்தான். நீளமுடிக்காரனை ஆட்டத்தில் இறக்கவே இல்லை. பவன்குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானாம்.

"அந்தச் சிங்கம்?"

"ஒரே வாரத்துல மூக்கு ஒடைஞ்சி கீழ போய்ட்டான்."

"பாவம் மாமா."

"இன்னா பாவம்? அந்த மாதிரி ஏமாளியை நான் பாத்ததே இல்ல."

அவன் குளிக்கப் போனதும் மஞ்சு திருத்தணிக்குப் போன் போட்டாள். "அம்மா, ரெண்டு பேருமா வர்றோம். உன் மாப்பிள்ளை மூளையை உபயோகிச்சி லீவு வாங்கிக்கினு வந்துட்டாரு." சொல்லும்போதே அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திருத்தணி மார்க்கெட்டில் ஆந்திர வியாபாரிகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்குத் தெலுங்கு தெரியுமா என்று அருள்குமார் இதுவரை கேட்டதில்லை. புருஷன் எந்நேரமும் போனில் எதைப் பார்க்கிறான் என்று அறிந்துகொள்ள ஆகஸ்டில் அவன் போனிலிருந்த லிங்க் வழியாகத் தானும் வேறு பேரில் சேர்ந்து, போன வாரம் வரை எல்லோருக்கும் மேலே வைத்திருந்த சுருட்டப்பள்ளி சிங்கத்தை மஞ்சு தன் போனிலிருந்து அழித்தாள்.