திராட்சைப் பந்தல்

தெருவில் வீட்டுக்கு வீடு திராட்சைக் கொடியை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்சோல்தான் என்பவள் மட்டும் தன் வாசல் பந்தலடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.

பக்கத்து வீட்டு பெர்தி அரிவாளும் கையுமாக வந்தான்.

“அக்கா, இன்னும் வெட்டலையா? வாசலை மறைக்கிற கொடி இருக்கக் கூடாதுன்னு உத்தரவாம்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. உங்க வீம்பால எங்களையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகப் போறாங்க!”

“கொத்துக்கொத்தா காய்ச்சிருக்கு பெர்தி. வெட்டச் சொன்னவங்க என்கிட்ட நேர்ல வந்து சொல்லட்டும்.”

அன்று மாலையே போலீஸ் ஜீப் வந்து நின்றது. பெர்தி ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதிகாரி இறங்கித் தெருவைப் பார்த்தார்.

“எதுக்கும்மா எல்லாரும் கொடியை வெட்டிட்டாங்க?”

“நீங்க போட்ட உத்தரவுதானே ஐயா?” நிமிர்ந்தே கேட்டாள்.

“அப்படி ஒரு உத்தரவே கிடையாதே!”

ஆய்சோல்தானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெருவே ஏமாந்திருக்கிறது, தன்னைத் தவிர!

அதிகாரி சிரிக்கவில்லை. மெல்ல நடந்தார். மறைப்பாக இருந்த கொடிகள் போய்விட்டதால், எந்த வீட்டில் யார் யாரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பது தெருவிலிருந்தே தெரிந்தது. கைபேசியை எடுத்தார்.

“சார், இங்க ஜனங்க தாங்களாவே வெட்டிட்டாங்க. ஒருத்தர் மூச்சு விடல. ஊர் பூரா இதையே செய்யச் சொல்லிடலாம்... சரி சார், இப்பவே.”

பேசி முடித்துத் திரும்பி வந்தவர், அவளுடைய பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

“உங்க வீட்ல மட்டும் ஏம்மா இன்னும் வெட்டல?”