படையல் நாளில் டிரோன்

“கல்ல விட்டு எறிஞ்சீங்களா அங்கிள்?”

“எறிஞ்சேன். படல.” நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கையை ராமையா விரித்துப் பார்த்துக்கொண்டார். குறி தப்பியதில் அவருக்கு வெட்கம்.

“படாதது உங்க நல்ல காலம். கீழ விழுந்திருந்தா கேஸ் உங்க மேலதான்” என்றான் போலீஸ்காரன் சுரேன். “டிரோனப் பாத்தா எறியக் கூடாது, எழுதி வைக்கணும். என்ன கலரு, எந்தப் பக்கம் வந்துச்சு, எந்தப் பக்கம் போச்சு. சொல்லுங்க.”

“சாம்பக் கலரு. தாம்பாளம் அளவு. நாலு விசிறி, தேனீக்கூட்டம் மாதிரி சத்தம். நேரா என் மங்களம் குழி மேல வந்து நிக்குதுலா தம்பி.”

தஞ்சோங் ரம்புத்தான் சாலையோரத்து அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது. ரப்பர் போய், செம்பனையும் போய், இப்போது வீடு கட்டப் போகிறார்கள். இடுகாட்டையும் சேர்த்து அளந்துவிட்டால் மனைவியின் குழி மேல் எவனாவது கார் நிறுத்துவான். ராமையாவுக்கு அந்தப் பயம்தான்.

“என்னைக்கெல்லாம் வந்துச்சு?”

“அவ போன எட்டுக்கு வந்துச்சு. பதினாறுக்கு வந்துச்சு. முந்தாநேத்து முப்பதுக்கும் வந்துச்சு.”

“தேதி கேட்டா படையல் நாளச் சொல்றீங்க. தோட்டத்த வாங்குன கம்பெனிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?”

“லயத்து வீட்டுங்கள்ல ஆளு வச்சிருப்பான்! நான் இலை போடறப்ப படம் புடிச்சு, அத்துமீறி நுழைஞ்சான்னு கோர்ட்ல காட்டத்தான்.”

சுரேன் எழுதி முடித்தான். “டிரோன் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல நின்னுதான் விடணும், அதான் ரூல். ஆளு பக்கத்துலதான் இருப்பான். அமாவாசைக்குப் படையல் போடுவீங்கல்ல? நானும் வாரேன். நீங்க கல்ல மட்டும் தொடாதீங்க.”

அமாவாசைக் காலையில் ராமையா இலை விரித்து, மங்களத்துக்குப் பிடித்த கோப்பியை வைக்கும்போதே சத்தம் கேட்டது.

டிரோன் எல்லைக்கல் பக்கம் போகவே இல்லை. குழிக்கு மேலே தாழ இறங்கி அசையாமல் நின்றது. ராமையா பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தார். வெகுநேரம் கழித்து அது தோட்டத்து கேட்டை நோக்கித் திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. “புடிச்சாச்சு அங்கிள். கேட்டுக்கு வாங்க.” சுரேனின் குரல் ஏனோ இறங்கியிருந்தது.

மூச்சு வாங்க ஓடினார். “எவன்டா அவன், எவன்டா அவன்” என்று வாய் ஓயவில்லை.

கேட்டுக்கு வெளியே, தார்ச்சாலையில் ஒரு சின்னக் கார். பக்கத்தில் ரிமோட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள் தினேஸ்வரி. அவருக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டதற்காக ஆறு வருடத்துக்கு முன் அவர் விரட்டிவிட்ட ஒரே மகள். பெற்ற தாயின் சாவுக்குக்கூட வராதவள் என்று இந்த ஒரு மாதமும் அவர் வயிறெரிந்து சபித்தது இவளைத்தான்.

“டிரோன் விடப் பெர்மிட் இல்ல அங்கிள்.” சுரேன் தரையைப் பார்த்தான். “ரிப்போர்ட் குடுத்தது நீங்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயாகணும்.”

ராமையா திரும்பிப் பார்த்தார். கேட் அகலத் திறந்து கிடந்தது.

“பெத்தவ குழியப் பாக்க இந்த வேல எதுக்கு? உள்ள வந்திருக்கலாம்ல?”

தார் முடிந்து செம்மண் தொடங்கும் கோட்டை ஒட்டி நின்றன அவள் கால்கள்.

“இந்த மண்ண மிதிக்க மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் வாங்குனது நீங்கதானப்பா.”