எதிரணிக்குக் கைதட்டல்

டிவியில் பேஸ்கட்பால் லீகின் இறுதிப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் பயிற்சி கொடுக்கும் அணிதான் ஆடியது. ஆனால், எதிரணி பந்தைக் கூடையில் போடும்போதெல்லாம் அவர் மனைவி இந்திராணி கைதட்டினாள்.

பிள்ளையார்பாளையத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பக்கத்து வீட்டு புவனேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

“இன்னாக்கா இது? மாமா இத்தினி வருஷத்துல ஒரு கப்புகூட வாங்கினதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமாம்மா. இன்னைக்கும் தோக்கட்டும்.”

“ரெண்டு பேருக்கும் எதுனா சண்டையா?”

“சேச்சே. காலையிலகூட போன்ல கொஞ்சிக்கினு இருந்தாரு.”

கடைசி விநாடியில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் எதிரணி ஜெயித்தது. இந்திராணி சோபாவின்மேல் ஏறி நின்று விசிலடித்தாள்.

புவனேஸ்வரி மிரண்டுபோய்த் திரையைப் பார்த்தாள். தோற்றுப்போன பஞ்சாட்சரம் கோர்ட்டின் குறுக்கே ஓடிவந்து, எதிரணியின் பயிற்சியாளரான இளம்பெண்ணை அலாக்காகத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மாமா யாரோ ஒரு பொண்ணத் தூக்கிக்கினு ஆடுறாரு. உங்களுக்குக் கோவமே வரலியா?”

யாரோ நீட்டிய மைக்கில் அந்தப் பெண்ணின் சிரிப்பு கேட்டது. “அப்பா, கீழ இறக்குங்க. அம்மா டிவில பாத்துக்கினு இருப்பாங்க.”

“இறக்காதய்யா, இன்னொரு சுத்து சுத்து” என்றாள் இந்திராணி, டிவியைப் பார்த்து.