டேரிலின் சாப்பாட்டுப் பெட்டி

"பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, சிரிப்பு வாயுவை மூச்சுல இழுத்தா மிதக்குற மாதிரி இருக்கும். மாத்திரை போட்டா அரைத் தூக்கம் வரும். மயக்க ஊசின்னா நடந்தது எதுவுமே ஞாபகம் இருக்காது. எது வேணும் டேரில்?" என்று கேட்டார் ஹெலன். ஆஸ்திரேலியாவின் மெக்காய் நகரிலேயே பொறுமைசாலியான பல் மருத்துவர் அவர்தான்.

"எதுவும் வேணாம் டாக்டர். மரத்துப்போக மட்டும் மருந்து போட்டுப் பிடுங்கிடுங்க."

அவன் மனைவி நோலீன் சிரித்தாள். "சர்க்கரை ஆலையில கொதிக்கிற பாகு பக்கத்துல நிக்கிற ஆளு! போன தடவை இடுக்கியைப் பாத்ததும் கார் வரைக்கும் ஓடிட்டாரு டாக்டர். மயக்க ஊசியே போடுங்க."

"ஊசி போட்டா... உளறுவேனா?"

"சிலர் உளறுவாங்க. கூட ஒருத்தர் இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா போதும்."

"அதான் நான் இருக்கேனே," என்றாள் நோலீன்.

டேரிலுக்கு வியர்த்துக் கொட்டியது. பல்வலி மண்டையைப் பிளந்தது. வேறு வழியில்லாமல் கையை நீட்டினான்.

நினைவு தெளிந்தபோது நோலீன் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஏதாவது பேசினேனா?"

"நல்லா குறட்டை விட்டே."

அப்பாடா என்று சாய்ந்துகொண்டான்.

இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, காலையில் ஆலைச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். மேஜையில் சாப்பாட்டுப் பெட்டி இல்லை. ஒரு தட்டில் கிளறிய முட்டையிலிருந்து ஆவி பறந்தது.

"என் பெட்டி எங்கே?"

"உக்காந்து சூடா சாப்பிடு," என்றாள் நோலீன். "வேலை போனதை மறைச்சு, ரெண்டு மாசமா கடற்கரையில காரை நிறுத்திட்டுக் காஞ்ச ரொட்டியைத் தின்னது போதும்."