கூகுளில் முதலிடம்

"தினமும் ஏதாவது எழுதுக்கா. கூகுள்ல தேடினா நம்ம லாட்ஜ்தான் முதல்ல வரணும்" என்று பிளாக் தொடங்கிக் கொடுத்தான் தம்பி அறிவுச்செல்வன்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த லாட்ஜ் தம்பி பேரில் இருந்தாலும், திறந்த நாளிலிருந்து அதை நடத்துபவள் எழிலரசிதான். மதியச் சமையல் முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். மாடியிலிருந்து தெரியும் மலை, கிரிவலப் பாதை, தான் சுடும் கேழ்வரகு அடை என்று, தேடுகிறவர்கள் எந்த வார்த்தையைத் தட்டுவார்கள் என யோசித்து யோசித்து எழுதினாள். கார்த்திகை தீபத்துக்கு முன்பே லாட்ஜ் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

"சாதிச்சிட்டக்கா!" என்று குதித்தான் தம்பி.

மறுவாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். எழிலரசி காபி கொடுத்து, "எத்தனை நாள் தங்கறீங்க?" என்றாள்.

"தங்க வரலைம்மா. லாட்ஜை வாங்கிட்டேன். கூகுள்ல முதல்ல வரட்டும், வாங்கிக்கறேன்னு ஓனர்கிட்ட சொல்லியிருந்தேன். அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

திறந்து வைத்திருந்த வருகைப் பதிவேட்டை அவள் மூடினாள்.

"பயப்படாதீங்க, உங்க வேலை போகாது" என்றார் அவர். "சமைக்கறதும் பிளாக் எழுதறதும் ஒரே அம்மாதான், விட்டுடாதீங்கன்னு ஓனரே சொன்னார். உங்களுக்குச் சொந்தம்னு யாருமே இல்லையாமே?"